மஞ்சள் ஜேர்சியும் பதினான்காம் விதியும்

விதிகளை அரைகுறையாக அறிந்தவர்கள் ஒரு காரியத்தை அரைகுறையாகத்தான் கெடுப்பார்கள். முழுதாகக் கெடுக்க என்னைப் போல ஒருவர் வேண்டும்.

லண்டன் கவுன்சில் ஒன்றில் அனுமதிப் பத்திரங்களை மறுத்து மறுத்தே ஓய்வுபெற்றவன் நான். எங்கள் பழைய மாணவர் சங்கம் பார்க்கிங் என்ற ஊருக்கு அப்பால் இரண்டு நாள் சைக்கிளோட்டம் நடத்தியபோது, விதிமுறை எழுதும் வேலை என்னிடம் வந்தது. (வரவில்லை. நானே போய் எடுத்துக்கொண்டேன்.) பிரான்சின் பெரிய ஓட்டங்களைப் போலவே எழுதினேன். இரண்டு நாள் நேரத்தையும் கூட்டி, யாருக்குக் குறைவோ அவர் சம்பியன். முதல் நாள் முடிவில் முன்னணியில் நிற்பவருக்கு மஞ்சள் ஜேர்சி, அதாவது ஓட்டக்காரர் போடும் இறுக்கமான சட்டை. பதினான்காம் விதி மட்டும் என் சொந்தச் சரக்கு: மறுநாள் அதை அணியாமல் புறப்பட்டால் இரண்டு நிமிடத் தண்டனை. ஒரு நேரத்தில் ஒருவர்தான் முன்னணியில் இருக்க முடியும் என்பதால், ஜேர்சியும் ஒன்றுதான் வாங்கினேன்.

என் மருமகன் குகன் பாரிஸில் வளர்ந்த பிளம்பர். எந்த வீரன் எத்தனை நாள் மஞ்சளில் இருந்தான் என்பதை நித்திரையிலும் சொல்லுவார்.

"சம்பியன் ஆகாட்டிலும் பரவாயில்லை, மாமா. ஒரு நாள் மஞ்சள் போட்டாலே பேர் பட்டியலில நிக்கும்."

முதல் நாள் அவரே முதலாவதாக வந்தார். பிரதம விருந்தினர், சவுத்தாலில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் பரமலிங்கம், மேடையில் இருந்தார். அவர் கையால் ஜேர்சியைக் குகனுக்கு அணிவிப்பது ஏற்பாடு. நான் மடித்த ஜேர்சியைத் தட்டில் ஏந்தி அவரிடம் போனேன். மஞ்சள் துணி தன்னை நோக்கி வருவதைக் கண்டதும் மனிதர் எழுந்தார், கைகூப்பினார், கழுத்தைத் தாழ்த்தினார். எத்தனையோ விழாக்களில் பொன்னாடை போர்த்திப் பழகிய என் கைகள் என்னைக் கேட்கவில்லை. விரித்துப் போர்த்திவிட்டன. சபை கைதட்டியது. மேடைக்குக் கீழே குகன், ஜேர்சிக்காகப் பாதி உயர்த்திய கைகளோடு நின்றார்.

பரமலிங்கம் மகிழ்ச்சி தாங்காமல் அதைச் சட்டைக்கு மேலேயே மாட்டிக்கொண்டார். (வயிற்றைத் தாண்டி அது இறங்கவில்லை.) அப்படியே காரேறிப் போய்விட்டார்.

"இஞ்சேருங்கோ, போன் பண்ணிக் கேளுங்கோ" என்றாள் மனைவி.

"போர்த்தினதைத் திருப்பிக் கேக்கிற முறை இல்லை."

மறுநாள் காலை குகன் நீலச் சட்டையில் வந்து நின்றார்.

"தம்பி, ஜேர்சி எங்க?"

"என்னட்டையோ கேக்கிறியள், மாமா?"

"பதினாலாம் விதி தெரியும்தானே?"

"எழுதினதும் நீங்கள், போர்த்தினதும் நீங்கள்!"

"விதி விதிதான், தம்பி."

விலக்கு அளிக்க இடமே இல்லாமல் எழுதியிருந்தேன். அந்த வரியில் எனக்குப் பெருமையும் இருந்தது. குகன் மூச்சு வாங்க மிதித்து, மொத்த நேரத்தில் எல்லோரையும் ஒரு நிமிடத்தால் முந்தினார். நான் இரண்டைக் கூட்டினேன். ஸ்ட்ரெதம் பகுதிப் பல்வைத்தியர் ஒருவர் சம்பியனானார். "அண்ணை, எனக்கே வெக்கமாக் கிடக்கு" என்றபடியே கோப்பையை வாங்கினார். கொடுத்தவர் பரமலிங்கம். அதே மஞ்சள் ஜேர்சியில் வந்திருந்தார், பக்கத் தையல் விட்டிருந்தது. சங்க மலரின் படங்களில் மஞ்சளில் இருப்பவர் அவர் ஒருவர்தான்.

என் அடுத்த பிறந்தநாளுக்குக் குகன் மஞ்சள் கம்பளிச் சட்டை ஒன்று கொண்டுவந்து தந்தார். அதற்கடுத்த வருடம் மஞ்சள் மழைக்கோட்டு. நாள் முழுக்க அணிய வேண்டும் என்பது நிபந்தனை. ஒரு வருடம் மறுத்துப் பார்த்தேன். கேக் வெட்டி எல்லோருக்கும் கொடுத்தார்கள், எனக்கு மட்டும் இல்லை.

"அப்பாவுக்கு ரெண்டு நிமிசம்" என்றாள் மகள்.

குகன் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டே கேக்கை மென்றார்.

"விதி விதிதான், மாமா."

இவ்வருடம் மஞ்சள் பைஜாமா. காலையிலேயே போட்டுக்கொண்டேன்.