பட்டறைக்குப் பால் காய்ச்சிய நாள்

ஒரு குடும்பத்தில் முதன்முதலாகப் பல்கலைக்கழகம் போன பிள்ளை இருந்தால், அதற்குப் பிறகு அந்த வீட்டில் எதையும் சாதாரணமாகச் செய்ய முடியாது. தண்ணீர்க் குழாய் ஒழுகினாலும் அந்தப் பிள்ளை விளக்கம் கொடுக்கும். ஒழுக்கும் நிற்காது, விளக்கமும் நிற்காது. எங்கள் வீட்டில் அந்தப் பிள்ளை நான்.

அப்பா சமையலறை அலுமாரி செய்பவர். ஊரில் யுத்தம் பள்ளிக்கூடத்தை மூடியபோது எட்டாம் வகுப்போடு நின்றவர். ரொறன்ரோவில் டோர்செட் பார்க் பக்கம் வாடகைக்கு எடுத்த ஒரு குளிர்க் கூடத்தில் வருடக்கணக்காக நின்று வேலை செய்ததில், அவருடைய இரண்டு முழங்கால்களும் வானொலிக்கு முன்பே பனி வரப்போவதை அறிவிக்கத் தொடங்கியிருந்தன. மில்லிக்கனில் வீடு வாங்கியதும் பின்வளவில் பெரிய பட்டறை ஒன்று கட்டுவது என்று முடிவாயிற்று. நான் அப்போதுதான் எஞ்சினியரிங் முடித்திருந்தேன். (வேலை கிடைத்திருக்கவில்லை. ஆகவே அறிவு முழுவதும் வீட்டுக்கே கிடைத்தது.)

"அப்பா, நிலத்துக்கு ஹீட்டிங் போடுவம்."

"நிலத்துக்கு ஏன் பிள்ளை? நிலம் தனக்குக் குளிருது எண்டு சொன்னதோ?"

"உங்கட முழங்காலுக்கு அப்பா."

"முழங்காலுக்கு எண்ணெய் இருக்கு."

எண்ணெய் தோற்றது. நுரைப் பலகை, அதன் மேல் கம்பி வலை, வலையோடு நத்தைச் சுருளாகக் குழாய், குழாய்க்குள் சுடுதண்ணீர், எல்லாவற்றையும் மூடிக் கொங்கிரீட். வரைபடம் என்னுடையது. கொங்கிரீட் லொறி வந்த அன்று நான் தலைக்கவசம் போட்டுக்கொண்டு, ஒன்றும் செய்யாமல், எல்லாப் படங்களிலும் நின்றேன். "கரண்ட் போனாலும் ஒரு நாள் முழுக்க இந்த நிலம் சூட்டை விடாது" என்று பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னேன். தபால்காரரிடமும் சொன்னேன்.

மிச்சம் இருந்தது நகரசபை இன்ஸ்பெக்டரின் கடைசிக் கையெழுத்து மட்டும். அது இல்லாமல் பட்டறையில் வேலை தொடங்க முடியாது. வாடகைக் கூடத்தை மாத முடிவில் விட்டாக வேண்டும். மிசிசாகாவில் சிவா அங்கிள் வீட்டில் மகளின் கல்யாணத்துக்கு முன் புதுச் சமையலறை செய்து தருவதாக அப்பா வாக்குக் கொடுத்துவிட்டார். கையெழுத்து பிந்தினால் அப்பாவுக்கு நின்று வேலை செய்ய ஓர் இடம் இல்லை. விஷயம் அவ்வளவுதான்.

இந்த இடத்தில் அம்மா உள்ளே வந்தார்.

"பால் காய்ச்சாமல் உள்ளுக்கு வேலை தொடங்கிறதோ?"

"அம்மா, அது வீடில்லை, பட்டறை."

"கூரை இருக்குதெல்லோ?"

தை மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை நல்ல நாளாம். புத்தியுள்ள ஒருத்தி இன்ஸ்பெக்டரை வேறொரு நாளில் வரச்சொல்லியிருப்பாள். நான் வேண்டுமென்றே அதே வெள்ளிக்கிழமைக்குப் பதிந்தேன். காரணம் எளியது: ஓர் அரசாங்க அதிகாரி என் தரையைப் பார்த்து வியப்பதைச் சொந்தபந்தம் முழுவதும் கண்ணால் காண வேண்டும். (கைதட்டுவதற்கு ஆள் வேண்டாமா?)

காலையில் எல்லாம் அழகாக நடந்தது. வாசலில் நிறைகுடம். உள்ளே அம்மா கொண்டுவந்த மின்சார அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. சித்தப்பா மைக் பிடித்து, "ரொறன்ரோவிலேயே முதல் முறையாக" என்று ஆரம்பித்தார். முதல் முறை இல்லை. நான் திருத்தவில்லை. மரம் அறுக்கும் அப்பாவின் பெரிய வாள் மேசை உட்பட எல்லா இயந்திரங்களையும் பெரியம்மா பட்டுச் சேலைகளால் மூடி, அவற்றின் மேல் சோறு, கறி, வடை, பாயாசம் எல்லாம் வரிசையாகப் பரப்பிவிட்டார். இடமும் கிடைத்தது, அழகாகவும் இருந்தது.

பூசை என்பதால் எல்லோரும் வெறுங்கால். அங்கேதான் விதி கால் வைத்தது.

"பிள்ளை, உது என்னடி, நிலம் கணகணக்குது!" என்றார் பெரியம்மா.

"ஹீட்டிங் பெரியம்மா. நான்தான் டிசைன்."

"ஐயோ, என்ர குதிக்காலுக்கு ஒத்தடம் பிடிச்ச மாதிரிக் கிடக்கு."

முதலில் நின்றார்கள். சாப்பாட்டோடு இருந்தார்கள். பாயாசத்துக்குப் பிறகு ஒருவர் சும்மா முதுகை நிமிர்த்துவதற்காகச் சாய்ந்தார். வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. அம்மா வீட்டுக்குள் போய்ப் பாயும் தலையணையும் கொண்டுவந்தார். பன்னிரண்டு மணிக்கு வருவதாகச் சொன்ன இன்ஸ்பெக்டர் பனியில் மாட்டிக்கொண்டு, மூன்று மணிக்கு வருவதாகத் தகவல் அனுப்பினார். நான் திரும்பிப் பார்த்தேன். என் தரை முழுவதும் உறவினர்.

ஓடிப்போய் ஹீட்டிங்கை நிறுத்தினேன். குளிர்ந்தால் எழும்புவார்கள் என்று கணக்கு. என் தரை அசையவில்லை. ஒரு நாள் முழுக்கச் சூட்டை விடாது என்று ஊருக்கெல்லாம் சொன்னேனே, அந்தத் தரை. வாழ்க்கையில் நான் செய்த கணக்கு ஒன்று அச்சொட்டாகச் சரிவந்தது அன்றுதான்.

"சித்தப்பா, எழும்புங்கோ! இன்ஸ்பெக்டர் வாறார்!"

"வரட்டும் பிள்ளை. ஆளுக்குச் சாப்பாடு வை."

இன்ஸ்பெக்டர் வாசலில் குவிந்திருந்த காலணிகளை வெகுநேரம் பார்த்தார். பிறகு மிக மரியாதையான ஆங்கிலத்தில் கேட்டார்.

"இங்கே எத்தனை குடும்பங்கள் குடியிருக்கின்றன?"

"ஒருவரும் இல்லை. இது தச்சுப் பட்டறை."

அவர் உள்ளே கால் எடுத்து வைக்க, பாதி நித்திரையில் இருந்த பெரியம்மா கையை உயர்த்தினார். "தம்பி, சப்பாத்து!" மொழி தெரியாவிட்டாலும் அந்தக் குரல் எந்த நாட்டு ஆணுக்கும் விளங்கும். அவர் பூட்ஸைக் கழற்றினார்.

"அடுப்பு இருக்கிறது" என்றார்.

"அது பாலுக்கு."

"படுக்கைகள் இருக்கின்றன."

"அது... பாயாசத்துக்குப் பிறகு."

"இயந்திரங்கள் எங்கே?"

நான் பட்டுச் சேலையின் ஒரு முனையைத் தூக்கி, கம்பீரமாக, "இதோ, வாள் மேசை" என்றேன். உளுந்து வடைகள் மூன்று உருண்டு அவர் காலடியில் விழுந்தன.

அதன் பிறகு நான் ஒரு நீண்ட உரை ஆற்றினேன். வெப்பக் கடத்துகை, பண்பாட்டு உரிமை, கட்டட விதி, எல்லாம் அதில் இருந்தன. இறுதியாண்டில் நான் பேசிய பேச்சைவிட நல்ல பேச்சு. அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "உரிமையாளரோடு பேசலாமா?" என்றார்.

உரிமையாளர் வாள் மேசைக்கும் சுவருக்கும் நடுவில் ஒருக்களித்துப் படுத்து, பட்டறையிலேயே பெரிய சத்தமாகக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். நான் தோளைப் பிடித்து உலுக்கினேன். அப்பா ஒரு கண்ணைத் திறந்தார். தலைமாட்டில் சப்பாத்தில்லாமல் நிற்கும் ஒரு மனிதரைக் கண்டார். விருந்தோம்பல் விழித்துக்கொண்டது. அப்பாதான் விழிக்கவில்லை. பக்கத்து நிலத்தைக் கையால் தட்டி, "இதில படுங்கோ, இதிலதான் நல்ல சூடு" என்றுவிட்டுத் திரும்பிப் படுத்தார்.

"என்ன சொல்கிறார்?"

பொய் சொல்ல எனக்குப் பட்டம் போதவில்லை. மொழிபெயர்த்தேன்.

அவர் சிரிக்காமல் இருக்கப் பட்ட பாடு அவருடைய காதுகளில் சிவப்பாகத் தெரிந்தது. ஆனாலும் கையெழுத்துப் போடவில்லை. குடியிருப்பாகப் பயன்படுத்தப்படுவதாகச் சந்தேகம். முழுவதும் காலியாக்கிய பின் மறுபடி பார்க்கப்படும் என்று எழுதிக் கொடுத்தார். மறுபடி என்றால் அடுத்த மாதம்.

அன்றிரவு அப்பா அந்தத் தாளை என்னிடமே வாசிக்கக் கொடுத்தார். வாசித்தேன். அவர் திட்டவில்லை. "சரி, சிவா அண்ணைக்கு என்ன சொல்லுறது?" என்று மட்டும் கேட்டார். அந்த வீட்டில் முதன்முறையாக என்னிடம் விளக்கம் இல்லை.

கடைசியில் சிவா அங்கிளுக்கு நானே போன் எடுத்தேன். என் பிழையால் வேலை பிந்தப் போகிறது, அப்பாவைக் கோபிக்க வேண்டாம் என்றேன். மறுமுனையில் ஓர் இருமல்.

"கோபிக்க எனக்கு வாய் எங்க பிள்ளை? அந்த ஆள் வரேக்க வலப்பக்க மூலையில பச்சைத் தலையணையோட கிடந்தது நான்தானே. கல்யாணச் சாப்பாட்டை மண்டபத்துக்காரரிட்டச் சொல்லுவம். நீ அப்பாவை ஆறுதலாச் செய்யச் சொல்லு."

அடுத்த மாதம் இன்ஸ்பெக்டர் வந்தபோது பட்டறையில் இயந்திரங்களும், பாதுகாப்புக் கண்ணாடி, கையுறை சகிதம் விறைப்பாக நின்ற அப்பாவும் தவிர ஒன்றும் இல்லை. கையெழுத்துக் கிடைத்தது. சிவா அங்கிளின் மகள் இப்போது அந்தச் சமையலறையில் தன் பிள்ளைக்குச் சோறு ஊட்டுகிறாள். அப்பாவின் முழங்கால்கள் வானிலை சொல்வதை நிறுத்திவிட்டன.

எனக்கும் வேலை கிடைத்தது. பெரிய கட்டடங்களுக்குச் சூட்டுத் தரை வரைகிறேன். கல்யாண வீடுகளில் அம்மா என்னை முன்னே தள்ளி, குரலை உயர்த்தி, "இவள் எங்கட மகள், எஞ்சினியர்" என்று பெருமையாக அறிமுகப்படுத்துவார். நானும் தலையை நிமிர்த்துவேன். உடனே பின்வரிசையிலிருந்து யாராவது ஒருவர் எட்டிப் பார்ப்பார்.

"ஓமோம், தெரியும். நான் அதில படுத்தனான்."