ஆறு மண்டையில ஒரு சொத்து

இந்த ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் ரோட்டுல எத்தினியோ பணக்காரங்க ஏசி காருல போறத நா பாத்துக்கீறேன். ஆனா சில்லற மாரி ஒரு பணக்காரன இன்னிவரிக்கும் பாத்ததில்ல. அவன் பணம் பாக்கெட்ல இல்ல, பேங்க்ல இல்ல, பீரோவுல இல்ல. என் மண்டையில இருந்துச்சு. என் மண்டைய பாத்தவங்க யாரும் இத நம்ப மாட்டாங்க. அதுக்குள்ள ஒண்ணுமே இல்லன்னு அஞ்சாங்கிளாஸ் வாத்தியாரு கையெழுத்து போடாத கொறதான்.

மொதல்லேந்து சொல்றேன். நமக்கு ஊரு மணிமங்கலம். தொழிலு கம்பெனி வேன் ஓட்டறது. ஷிப்ட்டுக்கு போறவங்கள ஏத்தினு போயி வுடணும், முடிச்சவங்கள ஏத்தினு வரணும். மொத ட்ரிப்புக்கு சீக்கிரம் கெளம்பணும்னு இருங்காட்டுக்கோட்டையில ஒரு ரூம்ல படுத்துக்குவேன். ஏழு பேரு ரூமு. அங்க எவனுக்கும் சொந்த பேரு கெடையாது, ஊருதான் பேரு. "தேனி"ன்னா ஒருத்தன் எழுந்து ஒக்காருவான். "ஒரத்தநாடு"ன்னா இன்னொருத்தன் திரும்பி படுப்பான். சங்கரன்கோவில்லேந்து வந்தவனுக்கு மட்டும் ஊரு பேரு நிக்கல. வாயத் தொறந்தா காயினு, காயினுன்னே பேசிக்கினு இருந்தான். சில்லறன்னு வெச்சோம். கோடீஸ்வரன் ஆவப்போறேன்னு சொன்னவனுக்கு நாங்க வெச்ச பேரு அது.

காருக்கு வயரிங் கட்டற கம்பெனியில கான்ட்ராக்ட்ல இருந்தான். ஊர்ல எவனும் பிட்காயின்னு கேள்விப்படாத காலத்துலயே அத புட்சிக்கினான். "கையில தொட முடியாது அண்ணாச்சி. ஆனா வெல ஏறும்"பான். "கையில தொட முடியாதது, வெல ஏறுறது... கேஸ் சிலிண்டர் மானியமாடா?"ன்னு கேட்டேன். அப்பலேந்து எனக்கு பாடம் எடுக்கறத நிறுத்திக்கினான்.

காயினு எங்கேந்து வருதுன்னா, கம்ப்யூட்டர நிறுத்தாம ஓட வுட்டா அது கணக்கு போட்டு போட்டு எடுக்குமாம். பழைய சாமான் கடையிலேந்து ஒரு கம்ப்யூட்டர தூக்கினு வந்து கட்டிலுக்கு அடியில வெச்சான். எங்க ரூமுக்கு கரண்டும் சேத்து வாடக. அதான் அவனோட மூலதனமே. அந்த பொட்டி சூடு தாங்காது. மழைக்காலத்துல ஊரே ஈர யூனிபார்ம மாட்டிக்கினு போவும், நாங்க ஏழு பேரு மட்டும் இஸ்திரி போட்ட மாரி போவோம். வெயில் காலத்துலதான் பேஜாரு. பல்லி கூட செவுத்த வுட்டு எறங்கி தரையில படுத்துச்சு.

ஒரு நா ஹவுஸ் ஓனரம்மா வந்து செவுத்துல கைய வெச்சாங்க. வெச்ச வேகத்துல எடுத்தாங்க.

"இன்னாடா செவுரு கொதிக்குது? உள்ள இட்லி கடை போட்டுக்கீறீங்களா? மீட்டரு பேய் புட்ச மாரி சுத்துது!"

சில்லற பொய் சொல்லத் தெரியாத பய. "இல்லம்மா, காசு அடிச்சிட்டு இருக்கோம்"னான்.

"அய்யய்யோ, கள்ள நோட்டா?"

"நோட்டு இல்லம்மா. காசு."

அந்தம்மா போலீசுக்கு போன எடுத்தாங்க. நான் கால்ல வுழுந்து, தேனி கைய புட்சி, ஒரு மாரியா நிறுத்தினோம். அன்னிக்கே பொட்டி பழைய சாமான் கடைக்கே திரும்பி போச்சு. ஆனா அதுக்குள்ள எடுத்த காயினு எடுத்ததுதான்.

பொட்டி போறதுக்கு முன்னாடியே இன்னொரு நாஸ்தி ஆச்சு. ஒரத்தநாடு இன்டர்வியூவுக்குன்னு வாங்கின புது ஷூவ அந்த பொட்டி பக்கத்துல வெச்சிருந்தான். சூட்டுல பசை இளகினது யாருக்கும் தெரியல. பெரிய கம்பெனியில ஆபீசர் முன்னாடி போயி நின்னப்ப ரெண்டு ஷூவும் ஒண்ணா வாயத் தொறந்துச்சாம். வேல போச்சு. அன்னியிலேந்து அவன் சில்லற கூட பேச்ச நிறுத்திட்டான். ஒரே ரூமு, ஒரே பக்கெட்டு, ஆனா பேச்சு இல்ல. "அந்தாள மோட்டார போட சொல்லு"ன்னு என்னாண்ட சொல்வான். சில்லற பக்கத்துலயே நின்னுக்கினு இருப்பான்.

காலையில எழுந்ததும் மத்தவன் சாமி படத்த பாப்பான், சில்லற ரேட்ட பாப்பான். ஏறினா பல்லு தேய்க்கும்போது பாட்டு. எறங்கினா தேய்க்கவே மாட்டான். ஏறினா "இன்னும் ஏறும்"னு விக்க மாட்டான். எறங்கினா "இப்ப வித்தா முட்டாத்தனம்"னு விக்க மாட்டான். ஒருவாட்டி கொஞ்சமா செலவு பண்ணி பாக்கலாம்னு டீக்கடை மாஸ்டராண்ட போயி, "மாஸ்டர், காயினு வாங்குவீயளா?"ன்னு கேட்டான். மாஸ்டர் டீ ஆத்தறத நிறுத்தாமலே சொன்னாரு: "பத்து ரூவா காயினே நா வாங்கறதில்லப்பா."

இப்ப விஷயத்துக்கு வர்றேன். எடுத்த காயினெல்லாம் இன்டர்நெட்டுல ஒரு காசு பொட்டியில கெடந்துச்சு, அதுக்கு சாவின்னா பன்னெண்டு இங்கிலீஷ் வார்த்தை. வரிசையா போட்டா தொறக்கும். மறந்தா போச்சு. மேனேஜர் கெடையாது, கம்ப்ளைன்ட் குடுக்க கவுன்டர் கெடையாது. எங்க வெக்கறதுன்னு அவனுக்கு தூக்கமே இல்ல.

"பேப்பர்ல எழுதி வையேன்டா."

"நம்ம ரூம்லயா அண்ணாச்சி? வாழக்கா பஜ்ஜி எண்ணெய தொடச்சிருவானுவ."

"போன்ல?"

"திருடன் உள்ள பூந்துருவான்."

"அப்ப உன் மண்டையிலயே வெச்சிக்க."

அதுக்கு அவனே சிரிச்சிட்டான். ஒரு நா வேற கம்பெனி வேன்ல ஏறி, அந்த கம்பெனி கேட்டு வரிக்கும் போயி, செக்யூரிட்டியாண்ட "என்ன, நீங்க புதுசா?"ன்னு கேட்டவன் அவன்.

கடைசியில ஒரு வழி கண்டுபுட்சான். ஆளுக்கு ரெண்டு வார்த்தை. ஆறு பேரு மண்டை. ஒருத்தன் வார்த்தை இன்னொருத்தனுக்கு தெரியக்கூடாது. ஒரு ஞாயித்துக்கெழம ஒவ்வொருத்தனா மொட்ட மாடிக்கு கூட்டினு போயி, தண்ணி டேங்க் பக்கத்துல நிக்க வெச்சி, காதுல ஓதினான். நம்ம ஸ்ரீபெரும்புதூர்ல பொறந்த மகான், ரகசிய மந்திரத்த கோபுரத்து மேல ஏறி ஊருக்கே சொன்னாராம். இவன் மாடிக்கு ஏத்தி, சொல்லாதன்னு சத்தியம் வாங்கறான்.

ஒரத்தநாடு பேசறதில்லியே, அவனுக்கு எப்டின்னு கேக்கறீங்களா? காத மட்டும் நீட்டினான்.

"அண்ணாச்சி, யாரு கேட்டாலும் சொல்லப்படாது. நானே போன் போட்டு கேட்டாலும் சொல்லப்படாது. எங் கொரல்லயே பேசுவானுவ, எம் மூஞ்சிய வச்சே வீடியோவுல வருவானுவ. நேர்ல, இந்த மாடில, இந்த டேங்க் பக்கத்துல நின்னு நான் கேட்டாத்தான் சொல்லணும். சரியா?"

சரின்னேன். என் வாழ்க்கையில என்னை நம்பி ஒருத்தன் இங்கிலீஷ குடுத்தது அதான் மொத தடவ. எங்க மறந்துடுவனோன்னு ஒவ்வொரு சிக்னல்லயும் அந்த ரெண்டையும் மாத்தி மாத்தி சொல்லிக்கினே இருப்பேன். வேன்ல வர்ற பொண்ணுங்க டிரைவரண்ணன் ஏதோ ஜபம் பண்றாருன்னு நெனச்சிக்கிச்சுங்க. சில பேரு கன்னத்துல போட்டுக்கிச்சுங்க.

அப்புறம் கான்ட்ராக்ட் முடிஞ்சி ஒவ்வொருத்தனா ரூம காலி பண்ணி போனான். கடைசியில நானும் சில்லறையும்தான் இந்த ஏரியாவுல மிச்சம்.

இப்பதான் செல்வி வருது. சுங்குவார்சத்திரம் பக்கம் செல்போன் செய்யற கம்பெனியில அசெம்பிளி லைன்ல நிக்கிற பொண்ணு. சில்லற காயின பத்தி பேச பேச கொட்டாவி வுடாம கேட்ட ஒரே ஜீவன். ரெண்டு பேருக்கும் புட்சிப் போச்சு. ஆனா விளாத்திகுளத்துல அதோட அப்பா வேற மாப்ள பாத்து வெச்சிட்டாரு. "ஆயுத பூஜை லீவுக்கு அப்பா வாராரு. உங்க சொத்த கண்ணுல காட்டிருங்க. இல்லாட்டி தையில அந்த மாப்ளதான்"னு செல்வி சொல்லிடுச்சு.

அப்பா ஒரு வாரம் முன்னாடியே சில்லறைக்கு போன் போட்டாரு. நா பக்கத்துலதான் இருந்தேன்.

"தம்பிக்கு சொத்து எங்கன கெடக்கு?"

"ஆறு பேரு மண்டையில கெடக்கு மாமா."

"...மண்டையிலயா?"

"ரெண்டு மண்ட ஓசூர்ல இருக்கு. ஒண்ணு திருப்பூர்ல, ஒண்ணு கோயமுத்தூர்ல. ஒண்ணு இங்க வேன் ஓட்டுது. இன்னொண்ணு எங்கூட பேசாது."



சில்லற ஓசூருக்கு போன போட்டான். தேனி எடுத்தான்.

"ஏலே தேனி, அந்த ரெண்டு வார்த்தைய சொல்லு."

"யாருடா நீயி? சில்லற கொரல்லயே பேசுறியா? சில்லற அன்னைக்கே சொன்னான், இப்பிடி ஒரு களவாணிப் பய போன் போடுவான்னு!"

வீடியோல வந்தான். தேனி போன கிட்ட வெச்சி பாத்துட்டு, "அடேங்கப்பா, அந்த மொகரைய அப்பிடியே செஞ்சிருக்கானுகளே. பல்லு சந்து மொதக்கொண்டு!"ன்னு கட் பண்ணிட்டான். மத்தவனுங்களும் இதே கததான்.

சில்லற என் வேன் ஜன்னலாண்ட வந்து நின்னான். கண்ணு கலங்கிக் கெடந்துச்சு. "அண்ணாச்சி, நீங்களாவது சொல்லுங்க. நேர்லதான நிக்கேன்?"

எனக்கும் பாவமாதான் இருந்துச்சு. ஆனா வாக்கு வாக்குதான? "மாடி எங்கடா? டேங்க் எங்க?"ன்னேன்.

வேற வழியே இல்ல. எல்லாரும் ஆயுத பூஜை லீவுக்கு அந்த மாடிக்கு வரணும்னு நா ஆளாளுக்கு போன் போட்டேன். வார்த்தைய கேக்கல, ஆள கூப்ட்டேன். அதனால நம்பினானுங்க. ஒரத்தநாடு மட்டும் "பாக்குறேன்"னு வெச்சிட்டான்.

பழைய வூட்டுக்கு போனா அங்க ஒரு வேட்டு. அது இப்ப லேடீஸ் ஹாஸ்டலு! ஓனரம்மா கேட்டுல நாற்காலி போட்டு ஒக்காந்துக்கினு கீறாங்க.

"ஆம்பளைங்க மாடிக்கு எதுக்குடா?"

"வார்த்த சொல்லணும்மா."

"தெருவுல சொல்லு."

"மாடிலதான் சொல்லணும். டேங்க் பக்கத்துல."

"காசு அடிச்ச பயதான நீ? இப்ப தண்ணியில கலந்து அடிக்கப் போறியா?"

செல்வி அப்பாவ கூட்டினு அப்பதான் பையோட வந்து எறங்குது. அவரு மூஞ்சிய பாத்துட்டு அந்தம்மாவுக்கு என்ன தோணுச்சோ, "நானும் கூட வருவேன். ஒருத்தனும் கொடியில காயற துணிய பாக்கக்கூடாது"ன்னு உள்ள வுட்டாங்க.

மாடியில கொடி கொடியா துணி. நாங்க எல்லாரும் கண்ண மூடிக்கினு, ஒருத்தன் தோள ஒருத்தன் புட்சிக்கினு டேங்க் வரிக்கும் போனோம். அன்னிக்கு மாடி ஏறின அதே வரிசையில ஒவ்வொருத்தனா போயி சில்லற காதுல ஓதினான். அவன் போன்ல தட்டினான். செல்வி அப்பா என்னாண்ட மெதுவா, "தம்பிக்கு ஏதும் காத்து கருப்பு சேட்டையா? மந்திரிக்கிறாவளா?"ன்னு கேட்டாரு.

கடைசியா சொல்ல வேண்டிய ஒரத்தநாட்ட காணோம். பூஜ போட்ட வண்டிங்க ஹாரன் அடிச்சிக்கினு ரோட்டுல போவுது. செல்வி படிக்கட்டயே பாத்துக்கினு இருக்குது. சில்லற போன கையில வெச்சிக்கினு அப்டியே நிக்கிறான்.

அப்ப படியில செருப்பு சத்தம். ஒரத்தநாடு வந்தான். யாரையும் பாக்கல. நேரா சில்லறையாண்ட போயி ரெண்டு வார்த்தைய ஓதினான். திரும்பி வந்து என்னாண்ட, "அந்தாள்ட்ட சொல்லிடு, அதுக்கு மேல ஒரு வார்த்த பேச மாட்டேன்னு"ன்னான். எத்தினியோ வருஷம் கழிச்சி அவன் சில்லறையாண்ட பேசினது மொத்தமே அந்த ரெண்டு வார்த்ததான்.

பன்னெண்டும் போட்டாச்சு. சில்லற அமுக்கினான். தப்புன்னு வந்துச்சு.

எல்லாரும் ஒரத்தநாட்ட பாத்தாங்க. "எவனாவது வாயத் தொறந்தீங்க..."ன்னு அவன் கைலிய மடிச்சி கட்டினான். எனக்கு வேர்த்துச்சு. எதுக்குன்னா, சிக்னலுக்கு சிக்னலு மாத்தி மாத்தி சொல்லி சொல்லி, என் ரெண்டுல எது மொதல்ல, எது ரெண்டாவதுன்னு எனக்கே தெரியாம போயிடுச்சு. ஓட்டப் பந்தயத்துல சுத்தி சுத்தி ஓடறவனுங்க மாரி, யாரு முன்னாடி போறான்னே புரியல.

"சில்லற... என்னுத திருப்பி போட்டுப் பாரேன்"னேன்.

போட்டான். தொறந்துச்சு.

தேனி என் முதுகுல வெச்சான் பாரு ஒண்ணு, இன்னும் மழ வந்தா வலிக்குது. ஒரத்தநாடு சிரிச்சிட்டு, ஒடனே சிரிக்காத மாரி திரும்பிக்கினான். சில்லற மட்டும் தரையில ஒக்காந்து அழுதான். செல்வி போயி பக்கத்துல ஒக்காந்துச்சு.

அப்பாவுக்கு போன காட்டினாங்க. திருப்பித் திருப்பி பாத்தாரு. "வெறும் எழுத்துதான இருக்கு?"ன்னாரு. அப்ப ஓனரம்மாதான் வாயத் தொறந்தாங்க: "ஐயா, எனக்கும் ஒண்ணும் புரியல. ஆனா இவன் கள்ளத்தனம் பண்ணத் தெரியாத பய. திருட்டு வேல பண்றியான்னு கேட்டா ஆமான்னு சொல்ற ஜாதி. தைரியமா பொண்ண குடு. கரண்டு பில்ல மட்டும் தனியா பாத்துக்க."

தையில கல்யாணம் ஆச்சு. அந்த மாப்ள இல்ல, சில்லறதான் மாப்ள. கொஞ்சம் காயின வித்து சேரப்பணஞ்சேரியில எடம் வாங்கி ரெண்டு ரூமு வூடு கட்டினான். நாங்க ஆறு பேரு வருஷக்கணக்கா மண்டைய ஒடச்சி ஞாபகம் வெச்சிக்கினு இருந்தோம், கவர்மென்ட்டு ஒண்ணையுமே ஞாபகம் வெக்காம வந்து பெரிய துண்டா வரி எடுத்துக்கிச்சு. அதுல சில்லற ரெண்டு நாளு பல்லு தேய்க்கல.

போன மாசம் அந்த வூட்டுக்கு போயிருந்தேன். செல்வி மீன் கொழம்பு வெச்சிருந்துச்சு. சாப்ட்டு கை கழுவும்போது சில்லற சொன்னான், மிச்ச காயின புது பொட்டிக்கு மாத்திட்டானாம், பழைய வார்த்த இனிமே எதுக்கும் ஒதவாதாம், மறந்துடலாமாம்.

"அப்ப புது வார்த்த?"ன்னேன், சாதாரணமா கேக்கற மாரி.

"பன்னெண்டும் செல்விகிட்டதான் அண்ணாச்சி. ஒரு தடவதான் சொன்னேன், அப்பிடியே புடிச்சிக்கிட்டா."

நல்லதுடா, அதான் பாதுகாப்புன்னேன். மனசார சொன்னேன். வண்டிய எடுத்துக்கினு ஒரகடம் சிக்னலுக்கு வந்து நின்னேன். செகப்பு வுழுந்துச்சு. வாயில சொல்லிக்க ஒண்ணுமே இல்ல.

பன்னெண்டு இருந்துச்சே, எனக்கு ஒண்ணாவது குடுத்திருக்கலாம் அந்த பய.