ஐயாயிரம் கிலோமீட்டர், ஒரே மணி நேரம்

ஒரு காட்டில், அதாவது விமான நிலையம் கட்டுவதற்காக மரங்களை வெட்டித் தள்ளிய பிறகும் நாம் மரியாதைக்குக் காடு என்று சொல்லிக்கொண்டிருக்கும் இடத்தில், சிங்காரவேலு என்ற வரித்தலை வாத்து பங்காளி வீட்டுக் கல்யாணத்துக்கு வந்திருந்தார். அவர் மனைவி மரகதம் ஐயாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால், மேற்கே ஓர் ஏரிக்கரையில் ஐந்து முட்டைகளை அடைகாத்துக்கொண்டிருந்தாள்.

வாத்துக் குலத்தில் ஒரு வழக்கம் உண்டு. குஞ்சுகளுக்கு அம்மாவை முட்டைக்குள் இருக்கும்போதே குரலால் தெரியும். வெளியே வந்ததும் கண்ணில் படும் முதல் அந்நிய முகம்தான் அப்பா. இதற்கு மேல்முறையீடு கிடையாது.

சொந்தச் சிறகில் போனால் எட்டு நாள். சிங்காரவேலு கிளம்பத்தான் இருந்தார். அந்த நேரம் பார்த்து டிக்கெட் விற்கும் நரி ஒரு தாளை நீட்டியது. புறப்பாடு காலை பத்து, போய்ச் சேர்வது காலை பதினொன்று.

"ஒரே மணி நேரமா!" என்று வாய் பிளந்தார் வாத்து.

"தாள்ல போட்டிருக்கிறதைத்தான் நான் சொல்ல முடியும், அண்ணாச்சி" என்றது நரி.

அப்புறம் என்ன அவசரம்? மறுவீட்டு விருந்து, மாமன் வீட்டு விருந்து என்று எட்டு நாளும் தின்றே தீர்த்தார். ஒன்பதாம் நாள் விமானத்தில் ஏறி உட்கார்ந்ததும் போன் வந்தது.

"ஏங்க, முட்டையில கீறல் விழுந்துடுச்சு. மூணு மணி நேரத்துல உடைஞ்சிடும். எங்க இருக்கீங்க?"

"ஒரு மணி நேரத்துல உன் பக்கத்துல நிப்பேன். கவலைப்படாதே."

ஒரு மணி நேரம் ஆனது. இரண்டும் ஆனது. கீழே இன்னும் கடல்தான் தெரிந்தது. பணிப்பெண்ணான கொக்கைக் கூப்பிட்டுச் சண்டை பிடித்தார்.

"பதினொண்ணுங்கிறது அந்த ஊர் கடிகாரம் சார். அங்க சூரியன் அஞ்சு மணி நேரம் லேட்டா உதிக்கும். நாம பறக்கிறது ஆறு மணி நேரம்" என்றது கொக்கு.

சிங்காரவேலு இடுப்பில் பெல்ட்டோடு, விமானத்துக்கு ஒத்தாசையாகச் சிறகடிக்க ஆரம்பித்தார். பக்கத்து இருக்கை முள்ளம்பன்றி கோபத்தில் சிலிர்த்ததுதான் மிச்சம்.

அவர் ஏரிக்கரைக்கு ஓடி வந்தபோது ஐந்து குஞ்சுகளும் வரிசையாக ஓர் ஆமையின் பின்னால் போய்க்கொண்டிருந்தன. போன வருடம் விமானத்தில் தொலைந்த பெட்டிக்காக அங்கேயே காத்துக் கிடக்கும் கூத்தையன் என்ற ஆமை அது. "உங்க வீட்டுக்காரர் இன்னும் வரலையாம்மா?" என்று விசாரிக்கக் கூட்டுக்குள் தலையை நீட்டிய நேரத்தில் முட்டைகள் உடைந்துவிட்டன.

சிங்காரவேலு விம்மி விம்மி அழுதார். அவர் பெற்ற பிள்ளைகள் அவரை ஏறிட்டும் பார்க்கவில்லை.

"அப்பா, பசிக்குது!" என்றது ஒன்று, ஆமையிடம்.

"அப்பா, நீந்தக் கத்துக்குடு!"

"அப்பா, இவன் என்னைக் கொத்துறான்!"

மிச்ச இரண்டும் ஆமையின் முதுகில் ஏறி ஆய் போயிருந்தன. கூத்தையன் தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டார். குஞ்சுகள் அங்கேயும் எட்டிப் பார்த்து, "அப்பா!" என்றன.

சிங்காரவேலுவின் அழுகை மெல்ல நின்றது. கோரைப்புல் நிழலில் சாய்ந்தார். பல வருடங்களுக்குப் பிறகு பகலில் நன்றாகத் தூக்கம் வந்தது.

மரகதம் கொஞ்ச நேரம் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏங்க" என்று எழுப்பினாள். "அடுத்த தடவை எனக்கும் சேர்த்து டிக்கெட் எடுங்க."

நீதி: பிள்ளைகளைப் பார்க்க ஆசையிருப்பவர் சிறகை நம்பவும், வளர்க்கப் பயமிருப்பவர் விமானத்தில் வரவும்.