ஐந்நூறு மில்லி ஆம்பியரில் ஒரு குடித்தனம்

சேலையூர்,
புதன்கிழமை மத்தியானம்.

கோயம்புத்தூரில் இருக்கும் என் தம்பி மெர்வினுக்கு, அக்கா ரத்தினபாய் ஆண்டவருடைய சமாதானத்தைக் கூறி எழுதுவது. இங்கே நானும் உன் அத்தானும் அவருடைய தயவால் நலம். நீயும் ஜெனியும் பிள்ளை எபியும் அவ்வாறே சுகமாயிருக்க தினமும் பெயர் சொல்லி ஜெபிக்கிறேன். போனில் சொன்னால் "சரிக்கா, பாத்துக்கலாம்க்கா" என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது, படித்துத்தான் ஆக வேண்டும்.

விஷயம், நீ வாங்கிக் கொடுத்த கீபோர்டு. மேஜைக்கு அடியில் குனிந்து கம்ப்யூட்டர் பெட்டியின் முதுகில் சொருக அக்காவின் முட்டி ஒத்துழைக்காது என்றுதானே, நெற்றியில் இரண்டு யூஎஸ்பி ஓட்டை வைத்ததாகப் பார்த்து வாங்கினாய்? உன் நல்ல மனசில் குறையில்லை. ஆனால் நம் சபையின் பொன்விழா மலருக்கு வந்த நானூற்றுப் பன்னிரண்டு போட்டோவும் ஒரே பென் டிரைவில் இருக்கின்றன, அவற்றை ஸ்கேன் செய்து கொடுத்த ஸ்டூடியோக்காரர் தன் மிஷினில் அழித்துவிட்டார், அசலைக் கொடுத்தவர்களில் பாதிப் பேர் பிள்ளைகளோடு வெளியூர் போய்விட்டார்கள், ஆலயத்துக்கு அஸ்திவாரம் போட்ட அன்று நம் அப்பா தலையில் செங்கல் சட்டியோடு நிற்கிற படமும் அதில்தான், அந்தப் படத்தின் அசலைக் கரையான் தின்றது உனக்கே தெரியும். அந்தப் பென் டிரைவைக் கீபோர்டில் சொருகி, படங்களைக் கம்ப்யூட்டருக்குள் இறக்க ஆரம்பித்தால், முப்பது நாற்பது இறங்கியதும் டொங்கென்று ஒரு சத்தம் வந்து, கூடவே மௌஸும் செத்துப்போய், போதுமான மின்சாரம் இல்லை என்று திரையில் இங்கிலீஷில் எழுதிக் காட்டுகிறது. இப்படி அடிக்கடி அறுந்தால் பென் டிரைவே கெட்டுப்போகும் என்று நீதான் சொன்னாய். அடுத்த சனிக்கிழமை எல்லாம் அச்சகத்தில் இருக்க வேண்டும். பொருளாளர் ஏசுதாசன் சார் ஆராதனை முடிந்து செருப்பு மாட்டும்போது நாலு பேர் காதில் விழுகிற மாதிரி, "அக்காவுக்கு வீட்டு வேலையே ஜாஸ்தி, மலரை நானே பாத்துக்கறேன்" என்கிறார். போன வருஷம் அவர் பார்த்துக்கொண்ட காலண்டரில் பிப்ரவரிக்கு முப்பது நாள்.

நானும் சும்மா இருக்கவில்லை. கீபோர்டோடு வந்த தாளைக் கண்ணாடி போட்டுப் படித்தேன். மொத்த வரவு ஐந்நூறு மில்லி ஆம்பியர், அதில்தான் கீபோர்டும் பிழைக்க வேண்டும், அதில் சொருகுகிறதும் பிழைக்க வேண்டும். உன் அத்தான் சம்பளத்தில் முப்பது வருஷம் குடித்தனம் நடத்தியவளுக்கு இது புரியாதா? நோட்டில் கோடு போட்டு எழுதினேன். கீபோர்டு நூறு, மௌஸ் ஐம்பது, பென் டிரைவ் இருநூறு. உன் அத்தான் அதிலேயே சொருகித் தன் முகத்துக்கு நேரே ஓடவிட்டிருந்த சின்ன ஃபேன் இருநூறு. ஆக ஐந்நூற்றைம்பது. தண்டச் செலவு யாரென்று தெரிந்துவிட்டது. ஃபேனைப் பிடுங்கிப் பீரோவில் வைத்துப் பூட்டினேன். மனுஷன் அன்றிலிருந்து மலருக்கு வந்த மாதிரி அட்டையை வைத்து விசிறிக்கொள்கிறார். ஃபேன் போனபின் நூற்றைம்பது மிச்சம் நிற்க வேண்டும். நின்றும் அறுகிறது.

சரி, ஓட்டை போதாதென்று பல்லாவரம் சந்தையில் வாங்கி நடுவில் மாட்டிய நாலு வாய்ப் பெட்டியில்தான் கோளாறு என்று, போன வெள்ளிக்கிழமை அதைத் தூக்கிக்கொண்டு போனேன். கடைக்காரர் தன் மிஷினில் மாட்டிப் பார்த்துவிட்டு, "பொட்டி நல்லாத்தான் கீதும்மா. வாய்தான் நாலு, சோறு ஒரே சட்டி. யாரோ ஒர்த்தர் ஜாஸ்தி துன்றாங்க. யார்னு வூட்ல போய்ப் பாரு" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

பிறகு, அறுகிற நேரத்தையும் நோட்டில் குறித்தேன். அதுதான் மனசைக் கலக்குகிறது. எந்த வேலையையும் நான் ஜெபத்தோடுதான் தொடங்குவேன். உன் ஜெனி என் பிறந்தநாளுக்குக் கொடுத்த விளக்குச் சிலுவையை எரியவிட்டு, தலைகுனிந்து வேலையை ஒப்புக்கொடுத்துவிட்டு உட்காருவேன். அப்படி உட்கார்ந்த நாளெல்லாம் அறுந்தது. நேற்று கேஸ் சிலிண்டர் வந்த களேபரத்தில் எதையும் ஏற்றாமல், ஜெபிக்காமல் உட்கார்ந்தேன். நூற்றெண்பது படம் மளமளவென்று இறங்கியது. பயந்து நானே பிடுங்கிவிட்டு எழுந்துவிட்டேன். ஜெபிக்கிறவளுக்கு அறுந்து, ஜெபிக்காதவளுக்கு ஓடுகிற கீபோர்டு நமக்கு எதற்கு? ஆயரிடம் கேட்டேன். அவர், "ஜெபத்த விட்டுடாதீங்கம்மா. கீபோர்ட வேணா மாத்திப் பாருங்க" என்றார்.

ஆகையால் நீ ஞாயிற்றுக்கிழமைக்குள் வந்து இதை எடுத்துப்போய்க் கடையில் கொடுத்துவிட்டு, ஓட்டையே இல்லாத சாதாரணக் கீபோர்டு ஒன்று வாங்கித் தரவும். கர்த்தர் உன் அலுவலகத்தையும் ஜெனியின் அடுப்பையும் எபியின் பரீட்சையையும் ஆசீர்வதிப்பாராக.

உன் பிரியமுள்ள அக்கா,
ரத்தினபாய் தனசிங்

பின்குறிப்பு: தபாலில் போடக் கொடுத்த கடிதத்தை உன் அத்தான் படித்தார். நோட்டையும் கேட்டு வாங்கிப் படித்தார். திருமுடிவாக்கம் கம்பெனியில் ஸ்டோர் கீப்பராக இருந்த மனுஷன், எதை எடுத்தாலும் தலைகீழாகத் திருப்பி அடியில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்ப்பார். எழுந்து போய் விளக்குச் சிலுவையைத் திருப்பினார். முந்நூறு மில்லி ஆம்பியர். "எல்லாரையும் எழுதியிருக்க, என் ஃபேன் உட்பட. இவரை எழுதலையே" என்றார். காணிக்கையைக்கூட எண்ணிப் போடாதவள் நான். ஆண்டவருடைய பங்கைக் கணக்குப் பார்க்கலாமா என்று அது நோட்டில் ஏறவே இல்லை. ஏற்றினால் அறுநூற்றைம்பது.

சிலுவையை நாலு வாய்ப் பெட்டியிலிருந்து எடுத்துச் சுவரில் போன் சார்ஜருக்கு மாற்றினோம். முன்னைவிடப் பிரகாசமாக எரிகிறது. ஜெபித்துவிட்டுத்தான் உட்கார்ந்தேன். நானூற்றுப் பன்னிரண்டும் இறங்கின. அப்பா செங்கல் சட்டியோடு வந்து சேர்ந்தார். பென் டிரைவைக் கழற்றியதும் அந்த இடத்தில் ஃபேனை மாட்டிக் கொடுத்தேன். உன் அத்தான் அதைக் கொஞ்சம் என் பக்கமாகத் திருப்பி வைத்தார்.

கடிதத்தைக் கிழித்துவிட்டு வேறு எழுதுகிறேன் என்றேன். "தப்பான கணக்கக் கிழிக்கக் கூடாது, அடியில திருத்திக் கையெழுத்துப் போடணும்னு நீதான சொல்லுவ" என்றார். ஆகவே கீபோர்டு நல்ல கீபோர்டு என்று திருத்தி வாசிக்கவும்.

திருத்தியவர்: ரத்தினபாய்
சரிபார்த்தவர்: தனசிங்