கடலடியில் இரண்டு பொட்டு

மதிப்பிற்குரிய டாக்டர் கல்பகம் அவர்களுக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஹைதராபாத் அல்வாலில் எங்கள் வீட்டுக் கூடத்தில் இருந்தவர்கள்: நான், என் கணவர் பத்ரிநாராயணன், எதிர் பிளாட்டில் குடியிருக்கும் சபீனா, இவரோடு ஒரே பாக்டரியில் இருந்து ஓய்வு பெற்ற ராகவேந்திரா. ஆக நான்கு பேர். சுண்டல் கிண்ணம் ஐந்து, ஏனென்றால் ராகவேந்திராவுக்கு எப்போதும் இரண்டு. எதையும் விட்டுப்போகாமல் எழுதுவது என் பழக்கம். அதனால் சாட்சிகளை முதலில் சொல்லிவிட்டேன். உங்களுக்கும் உங்கள் ஆராய்ச்சிக் கப்பலில் இருக்கும் அனைவருக்கும் பெருமாள் ஒரு குறையும் வைக்கக் கூடாது. நான் நீலா, உங்களிடம் வீடியோ பதிவு வேலை பார்க்கும் மாதங்கியின் அம்மா. நன்றி சொல்லத்தான் எழுதுகிறேன்.

மாதங்கி மாதாப்பூர் கம்ப்யூட்டர் கம்பெனி வேலையை விட்டுவிட்டு உங்கள் கப்பலில் சேர்ந்த நாளிலிருந்து இவர் அவளோடு பேசுவதில்லை. போன் வந்தால் "உன் பொண்ணு" என்று என்னிடம் நீட்டிவிடுவார். சம்பளம் குறைவு என்றோ, பெண் பிள்ளை கப்பலில் போகிறாள் என்றோ கோபம் இல்லை. "ஆளில்லாத வண்டியைக் கயித்துல கட்டி இறக்கி, இருட்டுல தன் பாட்டுக்கு இருக்கற ஜீவன் மூஞ்சில லைட் அடிச்சு, கேக்காம கொள்ளாமப் படம் பிடிக்கறது என்ன பழக்கம்? நம்மாத்து ஜன்னல்ல எவனாவது அப்படி அடிச்சா நீ சும்மா இருப்பியா?" என்பார். இரண்டு பக்கமும் என் மனுஷர்கள். தினம் விளக்கேற்றும்போது, இவர் வாயைத் திறக்க வை என்று மட்டும் கேட்டுக்கொள்வேன்.

அப்போதுதான் மாதங்கி, அவர்கள் கடலடியில் எடுத்த படத்தை எல்லோரும் பார்க்கலாம் என்று எனக்கு அனுப்பினாள். சபீனா வந்து அதை டிவியில் போட்டுக் கொடுத்தாள். எடுத்த எடுப்பில் திரை முழுக்க வெள்ளை வெள்ளையாகப் புள்ளி கொட்டுகிறது, கொட்டுகிறது, நிற்கவே இல்லை. "அரே பத்ரி, டிவி காலி, புதுசு வாங்கிடு" என்று ராகவேந்திரா எழுந்து போய் அதன் மண்டையில் இரண்டு தட்டு தட்டினார், இவர் கேபிளைப் பிடுங்கினார், படமே போய்விட்டது, திரும்பச் சொருகினால் ஏதோ சமையல் நிகழ்ச்சி வந்தது, அதில் கொஞ்ச நேரம் போயிற்று. "அங்கிள், அடிக்காதீங்க! டிவி நல்லாத்தான் இருக்கு. அது மேலேர்ந்து கடலுக்குள்ள விழுற தூசி, கேமரா வெளிச்சத்துல அப்படித் தெரியுது" என்று சபீனா கத்திய பிறகுதான் அமைதியானார்கள்.

பிறகு தரை வந்தது. வெள்ளரிக்காய்க்குக் கால் முளைத்த மாதிரி ஒரு ஜீவன் தன் பாட்டுக்கு நடந்து போகிறது. வண்டி அதன் பக்கத்தில் போய் நின்றது. என்ன ஆச்சரியம்! அதன் மேல் பளிச்சென்று இரண்டு சிவப்புப் பொட்டு, பக்கத்தில் பக்கத்தில். நான் கை கூப்பிவிட்டேன். "ஏன்னா, பாருங்கோ! பொட்டு வெச்சுட்டுத்தான் படமே எடுக்கறா!" என்றேன். தண்ணீரில் குங்குமம் நிற்காது, தொட்டாலும் அது மிரளும் என்று வெளிச்சத்தாலேயே வைக்கிறார்கள் போலிருக்கிறது. இவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். அப்புறம், "ஆமாம், பொட்டுதான்" என்றார்.

"ரெண்டு எதுக்கு?" என்றார் ராகவேந்திரா.

"ஒண்ணு அதுக்கு, ஒண்ணு அதோட ஆத்துக்காரருக்கு" என்றேன்.

"இப்போ கல்லுக்கும் வெச்சிருக்கே?"

"நாம வெக்கலையாடா கல்லுக்கு? பேசாமப் பாரு" என்று இவர் அதட்டினார். சபீனா என்னவோ சொல்ல வாயெடுத்தாள். இவர் ஒரு கிண்ணம் சுண்டலை அவள் கையில் திணித்துவிட்டார். வெறும் சேற்றுக்கும் பொட்டு வைத்தார்கள், அதுவும் பூமாதேவிதானே.

அந்த நேரத்தில் டிவிக்குள்ளிருந்து எங்கள் மாதங்கியின் குரல். "வெங்கட், கிட்ட போகாதே. லைட்டைக் குறை. பாரு, அது மிரள்றது. அது போகட்டும், அப்புறம் நாம போலாம்." வண்டி ஓட்டுகிற பையனிடம் சொல்கிறாள். இவர் சோபாவிலிருந்து எழுந்து நின்றுவிட்டார். "ராகவா, சுண்டலை மெல்லாதே! காதுல விழலை!" என்று கத்திவிட்டு, சபீனாவிடம் அதையே திரும்பத் திரும்பப் போடச் சொன்னார். பிறகு தன் போனை எடுத்தார். தானாகவே எடுத்தார், அம்மா.

"அப்பாவா?" என்று அவள் கேட்டது எனக்கே கேட்டது.

"சாப்டியா?"

"இல்லப்பா, இனிமேதான்."

"மணி என்ன ஆறது? கடலுக்கடியில இருக்கறதுக்கெல்லாம் மரியாதை பண்ணத் தெரியறது, சொந்த வயித்துக்குப் பண்ணத் தெரியலையா?"

அப்படியே பேசிக்கொண்டு பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். என்ன பேசினார்கள் என்று தெரியாது. தெரிய வேண்டாம். திரும்பி வரும்போது மூக்கு சிவந்திருந்தது.

அதனால்தான் இந்த நன்றி. எட்டாவதுக்கு மேல் நான் படிக்கவில்லை. இங்கிலீஷ் எழுத்தெல்லாம் நானாகக் கற்றுக்கொண்டது. படத்தின் ஓரத்திலேயே ஆழம், தேதி, நேரம் எல்லாம் எழுதி ஓடுவதையும், எடுத்த படத்தை இரண்டு பிரதியாகப் பத்திரப்படுத்துவதாக மாதங்கி சொன்னதையும் நினைத்தால் மனசு நிறைகிறது. எல்லாவற்றையும்விட அந்தப் பொட்டு. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு அதைச் சொல்லிக்கொடுத்தது நீங்களாகத்தான் இருக்க வேண்டும். உங்கள் வண்டி இறங்கும்போதெல்லாம் இங்கே ஒரு விளக்கு எரியும். நீங்களும் உங்கள் குடும்பமும் நீண்ட ஆயுளோடு இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
நீலா பத்ரிநாராயணன்

பின்குறிப்பு: ஒட்டிய கவரைப் பிரித்து எழுதுகிறேன். மாதங்கியிடம் பொட்டைப் பற்றிச் சொன்னேன். சிரித்துச் சிரித்துப் புரைக்கேறிவிட்டது. "அம்மா, அது லேசர்! ரெண்டுக்கும் நடுவுல எப்பவும் பத்து சென்டிமீட்டர். அதை வெச்சுத்தான் எது எத்தனை நீளம்னு படத்துல அளக்கறோம். அப்பாகிட்ட மட்டும் சொல்லிடாதே, மறுபடியும் பேச மாட்டார்" என்றாள். நான் முகம் தொங்கிப்போய்க் கூடத்துக்கு வந்தால், இவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், "என்ன, லேசர்னு சொல்லிட்டாளா?" என்கிறார். "காலம் பூரா பாக்டரில அளந்துண்டே இருந்தவனுக்கு அளவுப் புள்ளி தெரியாதா? எனக்கும் அவகூடப் பேசாம இருக்க முடியலை. நீ பொட்டுன்னே, நான் அதையே சாக்காப் பிடிச்சுண்டேன். எனக்குத் தெரியும்னு அவகிட்ட சொல்லித் தொலைக்காதே."

ஆகவே மேலே நான் எழுதியதில் நன்றியைத் தவிர எதுவும் சரியில்லை. அந்த நன்றி அப்படியே இருக்கட்டும். ஆனால் அடுத்த பயணத்துக்குப் புதுக் கேமரா வருகிறது, அதில் புள்ளி பச்சையாக இருக்குமாமே? குங்குமம் எங்கேயாவது பச்சையாக இருக்குமா? அதைப் பார்த்துவிட்டு அப்பாவும் பெண்ணும் என் முகத்தைத்தான் பார்ப்பார்கள். இன்னும் ஒரு பயணத்துக்காவது சிவப்பையே வைத்துக்கொள்ள முடியுமா? தயவுசெய்து சீக்கிரம் பதில் எழுதுங்கள்.