இருபதாம் நாள் போட்ட ஜொயின்ட்

கல்யாணமான புதிதில் ஓர் ஆணுக்குத் தெரியாத வேலை என்று உலகத்தில் எதுவும் இருக்காது. எனக்கும் இருக்கவில்லை.

எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிபோவது வழக்கம். பழுகாமத்தில் வயலும் வரம்புமாக வளர்ந்த நான், கல்லடியில் மனைவி வீட்டுக்கு வந்து இருபது நாள் ஆகியிருந்தது. மரியாதை என்றால் அப்படியொரு மரியாதை! மாமாவோ மாமியோ என்னோடு ஒரு சொல் நேரே பேசமாட்டார்கள். மாமா மாமியிடம் சொல்வார், மாமி என் மனைவி சுகந்தியிடம் சொல்வார், சுகந்தி என்னிடம் சொல்வாள். (தேநீருக்குச் சீனி காணாது என்று நான் அதே வழியில் பதில் அனுப்புவதற்குள் தேநீர் ஆறிவிடும்.)

அந்த ஞாயிறு என் அப்பாவும் அம்மாவும் முதல்முறையாக விருந்துக்கு வருவதாக இருந்தது. மகன் போன இடத்தில் எப்படி இருக்கிறான் என்று பார்க்க வருகிறார்கள். காலையில் பார்த்தால், மாமி சமைக்கும் குசினியின் யன்னலுக்கு வெளியே, கீழே பைப் ஜொயின்ட் கழன்று தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கிறது. பிளம்பர் பின்னேரம்தான் வருவாராம்.

"ஒரு ஜொயின்ட்தானே? நான் போடுறன்" என்றேன்.

எனக்குத் தெரியாத ஜொயின்ட்டா? வயர் அறுந்தால் முறுக்குவதும் ஜொயின்ட், வங்கியில் இரண்டு பேர் பெயரில் கணக்குத் திறப்பதும் ஜொயின்ட், அப்பாவுக்கு முழங்காலில் நோவதும் ஜொயின்ட். இவற்றில் எனக்கு எவ்வளவு அனுபவம் இருந்ததோ அவ்வளவு அனுபவம் பைப்பிலும் இருந்தது. அதாவது, ஒன்றுமில்லை.

மோட்டார் சைக்கிளில் காத்தான்குடிக்குப் பறந்து, ஒரு ஹாட்வெயார் கடையில் "ஒரு ஜொயின்ட் தாங்க" என்றேன்.

"சொக்கட்டா, எல்போவா, டீயா? எத்தின இஞ்சி?" என்று கேட்டார் கடைக்கார நானா. (முஸ்லிம் அண்ணன்மாரை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் கூப்பிடுவோம்.)

அங்குலக் கணக்குத் தெரியாமல் நான் பெருவிரலை நீட்டிக் காட்டினேன். அவர் விரலைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார்.

"புது மாப்பிளையா?"

"ஓம்."

"அதான்" என்று எல்லாவற்றிலும் ஒவ்வொன்றும், ஒட்டுவதற்குக் கம்மும் தந்தார். "தம்பி, கம் பூசினா..." என்று அவர் தொடங்கும்போதே நான் மோட்டார் சைக்கிளை உதைத்துக் கிளப்பிவிட்டேன்.

வீட்டுக்கு வந்து சாரத்தை மடித்துக் கட்டி, கம்மைப் பூசி, சொக்கட்டைச் செருகினேன். பார்க்க அழகாகத்தான் இருந்தது. முற்றத்தில் பூட்டி வைத்திருந்த வால்வைத் திறக்க நடந்தேன்.

இதைக் கண்ட மாமா குசினிக்கு ஓடினார். "கம் இன்னும் காயல்ல. அவரப் பொறுக்கச் சொல்லு." மாமி நண்டுக் குழம்புச் சட்டியோடு திரும்பி, "புள்ள, கம் காயல்லையாம், அவரப் பொறுக்கச் சொல்லு" என்றார். சுகந்தி அறைக்குள் சாரி உடுத்துக்கொண்டிருந்தாள், வாயில் ஊசி. அதை எடுத்துவிட்டு "இஞ்ச பாருங்க" என்று அவள் வாசலுக்கு வரவும், நான் வால்வைத் திறக்கவும் சரியாக இருந்தது.

சொக்கட் தெறித்தது. தண்ணீர் யன்னலால் பாய்ந்து மாமியைத் தலையிலிருந்து கால்வரை குளிப்பாட்டியது. நான் பாய்ந்துபோய் பைப்பை இரண்டு கையாலும் பொத்தினேன். (வால்வைப் பூட்டினால் போதும் என்று என் மூளைக்கு எட்டவில்லை.) பொத்தியதில் தண்ணீர் பக்கவாட்டில் சீறி, அப்போதுதான் அம்மாவோடு படலையைத் திறந்து வந்த அப்பாவின் வேட்டியையும் நனைத்தது.

"டேய் மனே! கைய எடுத்துப்போட்டு வால்வப் பூட்டுடா!"

கத்தியது மாமி. என்னோடு பேசிய முதல் வார்த்தையே 'டேய்'. அடுத்தது 'மனே', அதாவது மகனே. மாமி நாக்கைக் கடித்துக்கொண்டார். ஓடிப்போய்ப் பூட்டிவிட்டு, சொட்டச் சொட்ட நின்றேன். மானம் கப்பலேறிவிட்டது, அதுவும் அம்மாவின் கண்முன்னால்.

அம்மாவோ சிரித்தார். "பாத்தீங்களா, எங்கட புள்ளய இஞ்ச மருமகன் எண்டு வெக்கல்ல, மகன் எண்டெல்லோ வெச்சிரிக்காங்க!" என்று அப்பாவிடம் சொன்னார். அந்த நிமிடத்தில் எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. மாமி கடைசிவரை கைவிடாத சட்டியை அம்மாதான் வாங்கி உள்ளே கொண்டுபோனார்.

மாமாவும் துணிந்துவிட்டார். "பைப்ப நல்லாத் துடை. ரெண்டு பக்கமும் பூசு. நான் சொல்லுமட்டும் வால்வத் தொடாத." எல்லாம் நேரே, என் முகத்தைப் பார்த்து. பின்னேரம் திறந்தோம். ஒரு சொட்டு ஒழுகவில்லை. பிளம்பர் வந்து குனிந்து பார்த்து, "ஆரு போட்டது? நல்ல வேலை" என்றார்.

"என்ட மருமகன்" என்றார் மாமா. அப்போது என் நெஞ்சு எத்தனை இஞ்சி என்று அந்த நானா கேட்டிருந்தால் சரியாகச் சொல்லியிருப்பேன்.

அந்த ஜொயின்ட் இன்றுவரை அசையவில்லை. ஆனால் இப்போதும் என் மகள், சுற்றுலாவுக்கு என்னிடம் அனுமதி வாங்கச் சுகந்தியைத் தூது அனுப்பினால், குசினிக்குள்ளிருந்து மாமியின் குரல் வரும்:

"நேராப் போய்க் கேளு புள்ள! இடையில ஜொயின்ட் கூடினா ஒழுகும். நம்பாட்டி உங்கப்பனக் கேளு!"