யார் மனமும் நோகாமல்

உலகில் உயர்ந்தவர்கள் எல்லோரும் கொள்கையால் உயர்ந்தவர்களே. சந்தேகம் உள்ளவர்கள் லிஃப்ட் பாதுகாப்புத் துறையின் தலைமை ஆய்வாளரைப் பார்க்கட்டும். தரைத்தளத்தில் வேலைக்குச் சேர்ந்து ஒன்பதாம் மாடி வரை உயர்ந்தவர் அவர். அதுவும் படியேறியே!

அவருக்கு இருந்தது ஒரே கொள்கை: யார் மனமும் நோகக் கூடாது. சேர்ந்த முதல் வாரம் ஒரு துணிக்கடை லிஃப்டைச் சோதிக்கப் போனார். கம்பிக்கயிறு இழை இழையாகப் பிரிந்திருந்தது. கடைக்காரரின் முகம் வாடியது. ஆய்வாளருக்கு மனசு கேட்கவில்லை. ‘தகுதியானது’ என்று எழுதிக் கையெழுத்திட்டார். லஞ்சமா? சேச்சே, ஒரு வாய் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்கவில்லை. ஆறே மாதத்தில் பதவி உயர்வு வந்தது. பார்த்தால்தானே குறை தெரியும், தெரிந்தால்தானே மனம் நோகும் என்று, பிறகு லிஃப்டைப் பார்க்காமலேயே கையெழுத்திடும் ‘பக்குவத்தை’ அடைந்தார். அடுத்த உயர்வும் வந்தது.

அவர் மட்டும் எங்கும் படியில்தான் போவார். வீடு ஐந்தாம் மாடி. கை நிறையக் காய்கறிப் பையோடு மனைவி லிஃப்டில் நின்று கூப்பிடுவார்.

“வாங்களேன், ஒண்ணாப் போலாம்.”

“நீ போம்மா. எனக்கு நடந்தாத்தான் உடம்பு கேக்கும்.”

உடம்பைப் பேணும் புருஷன் வாய்த்ததில் மனைவிக்குப் பெருமை. லிஃப்டுக்குள் மாட்டியிருந்த சான்றிதழில் புருஷனின் கையெழுத்து மீது தூசி படிந்தால், கைக்குட்டையால் துடைத்துவிட்டுத்தான் இறங்குவார். பதினெட்டு வருஷமாக இதுதான் வழக்கம்.

ஆய்வாளர் ஓய்வு பெறும் மாதத்தில் துறை ‘விழுமிய வாரம்’ கொண்டாடியது. ஆளுக்கொரு விழுமியத்தை அட்டையில் எழுதி நெஞ்சில் குத்திக்கொண்டார்கள். நேர்மை, துணிவு எல்லாம் தீர்ந்துபோனதால் கிடங்குக் காப்பாளருக்கு ‘இதர’ என்ற அட்டைதான் கிடைத்தது. இயக்குநர் ஆய்வாளரைக் கூப்பிட்டார்.

“உங்களுக்கு ஓய்வே கிடையாது சார். இன்னும் அஞ்சு வருஷம் நீங்கதான் விழுமிய ஆலோசகர். ஒரே நிபந்தனை. உங்க கொள்கை வீட்டுலயும் செல்லுதான்னு உங்க வீட்டம்மா மேடையில மூணு வாக்கியம் சொல்லணும்.”

ஆய்வாளருக்குச் சோறு இறங்கவில்லை. நாற்காலி இல்லாத வாழ்க்கையை அவரால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

“மூணே வாக்கியம்தாம்மா. காலை வாரி விட்டுடாதே” என்று மனைவியிடம் கெஞ்சினார்.

“உங்களைப் பத்தி நல்லது சொல்ல எனக்குக் கசக்குதா என்ன?” என்றார் மனைவி.

விழா ஒன்பதாம் மாடி மண்டபத்தில். மனைவிக்கு முழங்கால் வலி. நேரே லிஃப்டுக்குப் போனார். விளக்கெரிய, கதவு திறந்து, காலியாக நின்றது லிஃப்ட். பக்கத்துப் படிக்கட்டிலோ துறையே மூச்சு வாங்க ஏறிக்கொண்டிருந்தது. மனைவி ஒரு காலை உள்ளே வைத்தார்.

“ஐயோ, அம்மா! வெளியே வாங்க!” படியிலிருந்து இயக்குநர் அலறினார். “அது நம்ம சார் கையெழுத்துப் போட்டதும்மா!”

மனைவி உள்ளே மாட்டியிருந்த சான்றிதழைப் பார்த்தார். கணவரைப் பார்த்தார். வைத்த காலை எடுத்தார்.

ஒன்பது மாடியும் படியேறினார். மாடிக்கு மாடி உட்கார்ந்து முழங்காலைப் பிடித்துவிட்டுக்கொண்டார்.

“ஏதாவது பேசேன்” என்றார் ஆய்வாளர், வியர்த்துப்போய்.

“மேல வந்து பேசறேன்.”

மேடையில் ஒலிபெருக்கியைப் பிடித்து மனைவி பேசினார்.

“என் வீட்டுக்காரர் யார் மனசையும் நோகடிக்க மாட்டார். எங்க வீட்டு லிஃப்டுக்கும் அவர்தான் கையெழுத்துப் போட்டார். பதினெட்டு வருஷமா தினமும் நான் அதுல ஏறி இறங்கறதைப் பாத்துக்கிட்டே இருந்தும், சொன்னா என் மனசு நோகும்னு ஒரு வார்த்தை சொல்லல.”

மண்டபம் அதிரக் கைதட்டியது. கட்டிய மனைவியிடமும் கொள்கையைத் தளர்த்தாதவர்! இயக்குநர் கண்ணைத் துடைத்துக்கொண்டு பணி நீட்டிப்பு ஆணையை வழங்கினார். ‘இதர’கூட எழுந்து நின்று தட்டினார்.

விழா முடிந்து ஆய்வாளர் ஆணையும் கையுமாகப் படியை நோக்கி நடந்தார். மனைவி குறுக்கே நின்று லிஃப்ட் பொத்தானை அமுக்கினார். கதவு திறந்தது.

“நான் படியில வரேன். நீங்க இதுல போங்க” என்றார். “என் மனசு நோகாது.”